வீட்டில் சமைத்தால் இலாபமாம்! யாருக்கு?

கொஞ்ச காலமாக நம் நாட்டில் ஒரு புது உபதேசம் கிளம்பியிருக்கிறது. ஓட்டல் பண்டங்களின் விலை ஏறிவிட்டதென்று ஏழை ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் போதும்; உடனே நாலு பக்கத்திலிருந்தும் புத்திமான்கள் கூடிக்கொண்டு, "உன்னை யார் ஓட்டலுக்குப் போகச் சொன்னார்கள்? வீட்டில் சமைத்துச் சாப்பிடு. பணமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது. நம் முன்னோர்கள் ஓட்டலிலா சாப்பிட்டார்கள்?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பத்திரிகையில் இது, டெலிவிஷனில் இது, கைபோனைத் திறந்தால் அதிலும் இதுவே. முன்னே புராணிகர் சொல்லிவந்ததை இப்போது டாக்டரும், பொருளாதார நிபுணரும், சமையல் சொல்லிக்கொடுக்கும் அம்மாளும் சொல்லுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இந்த உபதேசத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறுக்க நாம் வரவில்லை. ஆனால் பாதி உண்மையை முழு உண்மை என்று சொல்லி ஏழை தலையில் கட்டுவது சுத்தப் பித்தலாட்டமாகும். விட்டுப்போன மற்றப் பாதி என்ன என்பதைக் கணக்கோடு சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் விலை விஷயம். எங்கள் ஊர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் பாஸ்ட் புட் வண்டிகளில் ஒரு தட்டு சிக்கன் ரைஸ் இன்று நூறு ரூபாய்க்குக் குறைந்து கிடையாது. கொரோனாவுக்கு முன்பு அதே தட்டு அறுபது, எழுபது. அதே வாணலி, அதே முட்டைக்கோசு, அதே சாஸ் புட்டி. தட்டு மட்டும் கொஞ்சம் சின்னதாகியிருக்கிறது. இதற்குக் காரணம் கடைக்காரன் கொள்ளையடிப்பதுதான் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் தள்ளுவண்டிக்காரன் எவனும் கொள்ளையடித்து மாடி வீடு கட்டியதாக நமக்குத் தெரியவில்லை. நாம் உபயோகிக்கும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா தேசத்தார் பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரம் நிறுத்திவைத்ததற்கு நம் ஊர் வடைச் சட்டி பதில் சொல்லவேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார், சுத்திகரிக்காத சமையல் எண்ணெயின் மீதான இறக்குமதி வரியை 5.5 சதவிகிதத்திலிருந்து 27.5 சதவிகிதமாக ஏற்றிற்று. பிறகு 2025 மே மாதக் கடைசியில் அதை 16.5 சதவிகிதமாக இறக்கிற்று. வரி ஏறினபோது விலை ஏறினது எல்லோருக்கும் தெரியும். வரி இறங்கினபோது எந்தக் கடைப் பலகையிலாவது விலை இறங்கினதைக் கண்ட தோழர்கள் இருந்தால் எழுதியனுப்பட்டும்; பிரசுரிக்கிறோம்.

இவையன்றி, வீட்டு வாசலுக்குப் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகள் வேறு. 2023இல் ஆர்டர் ஒன்றுக்கு 2 ரூபாய் "பிளாட்பாரக் கட்டணம்" என்று ஆரம்பித்தார்கள். 2024 தீபாவளி சமயத்தில் அது 10 ரூபாய் ஆகிவிட்டது. எதற்கென்று கேட்காமல் கொடுக்கவேண்டியது என்ற வகையில் இதுவும் ஒரு தட்சிணைதான். இத்தனைக்கும் நடுவில், நெருப்புக்கு முன் நின்று வாணலி ஆட்டுகிறவன் கூலியும், வெயிலில் வண்டியோட்டிப் பொட்டலம் கொடுக்கிறவன் கூலியும் அதே விகிதத்தில் ஏறியிருக்கிறதா என்றால், அதுதான் இல்லை.

ஒரு காலத்தில் ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில்கூடப் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவர்க்குத் தனி இடம் என்று இருந்தது. சுயமரியாதைக்காரர்கள் கிளர்ச்சி செய்து, 1941இல்தான் அது ஒழிந்தது. அன்று நம்மை வெளியே நிறுத்தினது சாதி. இன்று சாதியை எவனும் கேட்பதில்லை. விலைப் பலகையை மாட்டிவிட்டுச் சும்மா இருக்கிறான், நாமாகவே வெளியே நின்றுகொள்கிறோம்.

நிற்க, ஓட்டலில் சாப்பிடுகிற ஏழை யார் என்று பார்ப்போம். நாக்கு ருசிக்கு அலைகிறவன் என்பது உபதேசிகளின் எண்ணம். நின்றுகொண்டே வேலை செய்கிறவர்களுக்கு உட்கார ஓர் ஆசனம் கொடுக்கவேண்டும் என்பதற்கே நம் சட்டசபையில் 2021இல் ஒரு சட்டத் திருத்தம் செய்யவேண்டியிருந்தது. அப்பேர்ப்பட்ட ஜவுளிக்கடை ஒன்றில் நின்றுவிட்டு, இரவு பத்து மணிக்கு அறைக்குத் திரும்புகிற பெண் எந்த அடுப்பை மூட்டுவாள்? ஹாஸ்டல் என்று பேர் வைத்து எட்டுப் பேரை அடைத்திருக்கிற இடத்தில் அடுப்பு வைத்தால், மறுநாள் பெட்டியோடு தெருவில் நிற்கவேண்டியதுதான். ஏ.டி.எம். வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிற கிழவனாரும், லாரி டிரைவரும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருக்கிறவரும் சமைப்பது எங்கே? இவர்களிடம் போய், "வீட்டில் சமைத்துச் சாப்பிடு" என்பது, வெறுங்காலோடு நடப்பவனைப் பார்த்து, "செருப்பை ஏன் வீட்டில் விட்டுவந்தாய்?" என்று கேட்பதாகும்.

சரி, வீடும் அடுப்பும் உள்ளவர்களுக்கே வருவோம். நாலு பேர் உள்ள குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அரிசிக் கார்டுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். மாதம் 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளியில் அதே பருப்பு நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறபோது இது சாமானிய உதவியல்ல. வேறு எத்தனையோ மாகாணங்களில் ஏழையென்று ரூபித்தால்தான் ரேஷன்; நம் நாட்டில் கார்டு இருந்தால் போதும். இந்த அரிசியைக் கிலோ நாலைந்து ரூபாய்க்குக் கடத்தல்காரனுக்கு விற்றுவிட்டு, அறுபது ரூபாய் கொடுத்துப் பை போட்ட அரிசி வாங்குவதைக் கௌரவம் என்று நினைக்கிற மூடர்களும் நம்மில் இருக்கிறார்கள். பை மாறினால் கௌரவம் வருமானால், பையையே சமைத்துச் சாப்பிடலாம்.

ஆனால் ரேஷன் அரிசி வயிற்றை நிரப்புமே தவிர, உடம்புக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுக்காது. ஒருவருக்கு அவர் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020இல் வெளியிட்ட கணக்கு சொல்லுகிறது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம் ஆகிறது. மேலே சொன்ன ரேஷனில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வருவது அரிசி சுமார் 165 கிராம், பருப்பு 8 கிராம். இரண்டிலுமாகச் சேர்ந்து கிடைக்கும் புரதம் 13 அல்லது 14 கிராம். மீதி 36 கிராமுக்கு எங்கே போவது? இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் நிலக்கடலையில் 12 கிராம். 50 கிராம் பச்சைப்பயறோ தட்டைப்பயறோ சுண்டலாகச் செய்தால் இன்னொரு 12 கிராம். தீர்ந்தது. எங்கள் ஊர் விலைக்கு இதெல்லாம் சேர்ந்து முப்பது ரூபாய்க்குள் அடங்கும். சிறு பிள்ளைகளுக்கு இதில் பாதி போதும். வேலியோரத்து முருங்கைக்கீரைக்குக் காசு கிடையாது. நூறு ரூபாய்ச் சிக்கன் ரைஸில் கோழி எவ்வளவு இருக்கிறதென்று பொறுக்கி எண்ணிப்பார்த்தவர்களுக்கு இந்த முப்பது ரூபாயின் அருமை தெரியும்.

ஆகவே வீட்டில் சமைத்தால் மலிவு என்பது மெய்யாகிவிட்டதல்லவா என்று உபதேசிகள் சந்தோஷப்படலாம். அவசரம் வேண்டாம். மேற்படி கணக்கில் ஒரு சாமானை நாம் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. எத்தனை பேர் கண்டுபிடிக்கிறார்கள் பார்ப்போம் என்றுதான் விட்டோம். முட்டை தானாக வேகுமா? பயறு தானாக ஊறித் தானாகத் தாளித்துக்கொள்ளுமா? ரேஷன் கடை வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றது யார்? முருங்கைக்கீரையை உருவினது யார்? சாப்பிட்ட தட்டைக் கழுவினது யார்?

2019இல் மத்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகா தேச முழுவதும் ஜனங்களின் நேரத்தைக் கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிஷம்; ஆண் 97 நிமிஷம். அதிலும் அந்த வேலையில் கைவைக்கிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். 299 நிமிஷமென்றால் ஐந்து மணி நேரம். அதில் பாதிதான் அடுப்படி வேலை என்று வைத்துக்கொண்டாலும் இரண்டரை மணியாகிறது. 2024-25ஆம் வருஷத்தில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் சர்க்கார் நிர்ணயித்த நாட்கூலி 319 ரூபாய். நாளுக்கு எட்டு மணி என்று பிரித்துப் பார்த்தால், அந்த இரண்டரை மணி நேரத்துக்குக் கூலி ஏறக்குறைய நூறு ரூபாய். மாதம் மூவாயிரம். இது கீழ்த்தரக் கூலிக் கணக்கு. சமையற்காரனை வைத்தால் என்ன கேட்பான் என்பது வேறு.

இந்த மூவாயிரத்தைச் சைபர் என்று எழுதிவிட்டுத்தான் "வீட்டில் சமைத்தால் இலாபம்" என்கிறார்கள். இலாபம் இருக்கிறது, உண்மை. அது அவள் கூலியிலிருந்து எடுத்த இலாபம்.

"தாயும் மனைவியும் அன்பினால் செய்வதற்குக் கூலி கணக்குப் பார்க்கலாமா?" என்று நம்மைக் கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. அர்ச்சகர் பக்தியினால்தானே மணியாட்டுகிறார்? அவருக்குச் சம்பளம் எதற்கு, தட்டில் காசு எதற்கு? அன்புக்குக் கூலியில்லை என்ற சட்டம் அடுப்படியில் மட்டும் அமுலுக்கு வருவானேன்? அதுவும் காலையில் பனியன் கம்பெனிக்கோ நடவுக்கோ போய், ஆணைப்போலவே உழைத்துவிட்டு மாலையில் திரும்புகிற பெண்ணுக்கு, வந்ததும் வராததுமாக இரண்டாவது ஷிப்டு அடுப்படியில். அவள் ஒருநாள் சலித்துப்போய்ப் பிள்ளைகளுக்கு நாலு பரோட்டாப் பொட்டலம் வாங்கிவந்தால், "ஊதாரி, சோம்பேறி" என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்கள். அவள் வாங்கினது பரோட்டா அல்ல, ஐயா. இரண்டு மணி நேர ஓய்வு. அதை வேறு எந்தக் கடையிலும் அவளுக்கு விற்கமாட்டார்கள்.

ஆண்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியாது என்பதும் ஒரு புராணம். கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குச் சமைக்கிறவன் யார்? ஓட்டல் அடுப்பில் நிற்கிறவன் யார்? காசு வருகிற இடத்தில் சமையல் ஆண் தொழில். காசு வராத இடத்தில் பெண் தர்மம்! வளைகுடா நாடுகளுக்குப் போன நம் பையன்கள் அறைக்கு ஆறு பேராகச் சேர்ந்து, முறைபோட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுத்தான் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் திருப்பூருக்கு வந்திருக்கிற வாலிபர்களும் அப்படியே. ஒருவன் உருளைக்கிழங்கு நறுக்க, ஒருவன் பருப்பு வேகவைக்க, மாதச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அதே நம் பையன் விமானத்தைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர்ச் செம்பைக்கூட எடுத்துக்கொள்ளமாட்டான். கடல் தாண்டினால் தெரிகிற வேலை வீட்டு வாசற்படி தாண்டினால் மறந்துபோவது என்ன வியாதியோ தெரியவில்லை.

இனி மதத்தின் பங்குக்கு வருவோம். விலைவாசி ஒருபக்கம் ஏழை வாயிலிருந்து பண்டத்தைப் பிடுங்குகிறதென்றால், மறுபக்கம் அவனே தன் வாயைக் கட்டிக்கொள்கிறான். வெள்ளிக்கிழமை முட்டை ஆகாது, செவ்வாய்க்கிழமை கறி ஆகாது, சஷ்டிக்குப் பட்டினி, கார்த்திகைக்கு ஒரு பொழுது. வருஷத்தில் பாதி நாள் இப்படிப் போய்விடுகிறது. இந்த விரதங்களில் மிகுதியும் யார் தலையில் என்று பாருங்கள்: புருஷன் ஆயுளுக்கும் பிள்ளை படிப்புக்கும் பட்டினி கிடப்பது அவள்தான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை என்று கண்டிருக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் மிஞ்சினதைச் சாப்பிடுகிறவளுக்கு, மிஞ்சாத நாளில் விரதம் என்று பேர் வைத்துக்கொடுத்த கெட்டிக்காரன் எவனோ!

புரட்டாசி மாதம் வந்ததும் நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் தலையில் கைவைத்துக்கொள்கிறார். பெருமாளை உத்தேசித்துப் பக்தர்கள் முட்டையையும் கோழியையும் நிறுத்துவதால், சரக்குத் தேங்கி விலை இறங்குகிறது. தோழர்களே, இது வருஷத்துக்கொருமுறை பெருமாள் பேரால் நடக்கிற தள்ளுபடி விற்பனை. பகுத்தறிவுள்ள சம்சாரி அந்த மாதம்தான் பிள்ளைகளுக்கு வயிறாரக் கொடுக்கவேண்டும். மாட்டுக்கறி விஷயமும் இப்படியே. ஆட்டுக்கறி கிலோ எண்ணூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. மாட்டுக்கறி அதில் பாதிக்கும் குறைவு. சத்திலே ஒன்றும் தாழ்வில்லை. இருந்தும் அதை மறைத்துத் தின்ன வேண்டியிருக்கிறது. ஒருவன் எதைத் தின்பது மலிவு என்று அவன் பையைப் பார்த்துத் தீர்மானிக்க விடாமல், அவன் சாதியைப் பார்த்துத் தீர்மானிப்பதற்கு இவர்கள் யார்? 2015இல் மத்தியப் பிரதேசத்தில் காட்டுவாசிக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் முட்டை கொடுக்கலாமென்று யோசனை வந்தபோது, அந்த மாகாண முதல் மந்திரியே அதைத் தடுத்துவிட்டார். நம் நாட்டில் 2010 முதல் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாள் முட்டை. அதனால் எந்தக் கோவில் கோபுரமும் சாய்ந்துவிடவில்லை.

முன்னோர் உணவு என்று சொல்லிக் கேழ்வரகையும் தினையையும் வரகையும் விற்கிறவர்கள் வேறு கிளம்பியிருக்கிறார்கள். கேழ்வரகு நல்ல தானியம்தான். சுண்ணாம்புச் சத்தில் அரிசி அதன் பக்கத்தில் நிற்கமுடியாது. ஆனால் கூலிக்காரன் கூழ் குடித்தபோது அது இழிவாயிருந்து, இப்போது தினையும் வரகும் கண்ணாடிப் புட்டியில் ஏறி அரிசியைவிட இரட்டை விலைக்குப் போகிறபோது மட்டும் முன்னோர் அறிவாகிவிடுவது எப்படி? 2023 மே மாதத்தில் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கார்டுக்கு அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். செய்யவேண்டிய காரியம் இதுதான். மற்ற ஜில்லாக்காரர்களுக்கும் வயிறு இருக்கிறது. கேழ்வரகோடு நிலக்கடலையும் பயறும் ரேஷன் கடையில் வரட்டும். மேலே நாம் போட்ட முப்பது ரூபாய்க் கணக்கு பதினைந்தாகக் குறையும்.

அடுப்பில்லாதவர்களுக்கும் அடுப்படியிலேயே ஆயுள் போகிறவர்களுக்கும் வழி ஒன்றுதான்: வீட்டுக்கொரு அடுப்பு என்பதை விட்டு, தெருவுக்கொரு அடுப்பு. இது ஏதோ நடவாத சொப்பனம் என்று சிரிக்கிறவர்கள் நடந்ததைப் பார்க்கட்டும். இரண்டாவது உலக யுத்த காலத்தில் இங்கிலாந்தில் பொதுச் சாப்பாட்டுச் சாலைகள் வைத்து, ஒன்பது பென்ஸுக்கு மேற்படாமல் ஒரு வேளைச் சாப்பாடு போட்டார்கள். 1943இல் அப்படிப்பட்டவை இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. நடத்தினது பொதுவுடைமைக்காரரல்ல, சர்ச்சில் தலைமையில் இருந்த சர்க்கார். நம் சென்னையிலேயே 1920இல், நீதிக்கட்சிக்காரர் கையில் இருந்த நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கிற்று. அங்கே மூட்டிய அடுப்புதான் 1956இலும் 1982இலும் மாகாணமெங்கும் பரவி, 2022 செப்டம்பரில் காலைச் சிற்றுண்டியாகவும் வளர்ந்திருக்கிறது. காலையில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலேயே உப்புமாவும் பொங்கலும் கிடைக்கிறதென்றால், பிள்ளை வயிறு நிரம்புகிறது என்பது மட்டுமா? விடியற்காலை எழுந்து அடுப்பு மூட்டிவிட்டு வேலைக்கு ஓடுகிற தாய்க்கு ஒரு மணித் தூக்கமும் கிடைக்கிறது. இதை எந்தப் பொருளாதார நிபுணரும் வரவில் எழுதக் காணோம்.

பெரியவர்களுக்கென்று வந்தது அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னையில் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று; பொங்கல் ஐந்து, இரண்டு சப்பாத்தி மூன்று என்பவை பிறகு சேர்ந்தவை. எந்தக் கட்சிக்காரர் பேர் வைத்தார் என்பது நமக்கு அக்கறையில்லை. மூட்டை தூக்குகிறவனும் காலேஜ் பையனும் பென்ஷன்கார ஐயரும் ஒரே வரிசையில் நின்று, சுயஉதவிக் குழுப் பெண்கள் வடித்த சோற்றை, வடித்தவள் என்ன சாதியென்று கேளாமல் சாப்பிடுகிறார்களே, அதற்காக ஒன்றே இதை வாழ்த்தலாம். பிறகு கட்சி மாறியதும் ஆதரவும் மாறிற்று. பாத்திரம் ஓட்டை, கிரைண்டர் ரிப்பேர் என்று ஆகி, 2024 ஜூலையில் முதல் மந்திரியே போய்ப் பார்த்து, சீர்செய்ய 21 கோடி ரூபாய் ஒதுக்கினார். நல்லது. ஆனால் வருஷா வருஷம் இதில் நஷ்டம், நஷ்டம் என்று சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள். தார் ரோட்டில் என்ன இலாபம் வருகிறது? தெருவிளக்கில் என்ன இலாபம்? கார் ஓடுவதற்குப் போட்ட மேம்பாலத்தில் வராத நஷ்டம், கூலிக்காரன் தின்ற இட்லியில் வந்துவிட்டதா?

நமக்குள்ள குறையெல்லாம் அவை போதவில்லை என்பதுதான். காலையில் இட்லி, பகலில் சாதம், மாலையில் சப்பாத்தி என்று வைத்திருக்கிறார்கள். முட்டை கிடையாது, பயறு கிடையாது. சென்னையை விட்டால் மற்ற ஊர்களில் கொஞ்சம்தான். சிற்றூர்களைப்பற்றிப் பேச்சே இல்லை. பத்து மணிக்குக் கடை அடைத்து வருகிற பெண் வந்து பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. எதிரில் பாஸ்ட் புட் வண்டியில் நெருப்பு எரிகிறது. நகரசபை மெம்பர் ஓட்டுக் கேட்டு வீடு தேடி வரும்போது, எந்தக் கோவிலுக்கு எப்போது கும்பாபிஷேகம் என்பதைக் கேட்காதீர்கள். நம் வட்டத்தில் இரவு பத்து மணிக்குப் பத்து ரூபாய்க்கு முட்டையோடு சோறு எந்த இடத்தில் கிடைக்கும் என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லுகிற வரையில் வாசலிலேயே நிற்கட்டும்.